பனி கலைவதற்குள்: மலையகத்தில் வெளியில் நின்று ஓவியம் தீட்ட முழுமையான வழிகாட்டி

ஐரோப்பிய ஓவியப் பாடங்கள் பெரும்பாலும் காலை வெளிச்சத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் என்று கணக்குச் சொல்லும். அதை நம்பி இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ ஹப்புத்தளையிலோ பலகையை நிறுத்தினால் பாதிப் படத்திலேயே வெளிச்சம் கையை விரித்துவிடும். சூரியன் ஏறும் வேகம் அப்படி. பாரிஸில் மார்ச், செப்டெம்பர் மாதங்களில் உதயமான முதல் ஒரு மணி நேரத்தில் சூரியன் சுமார் 10 பாகை ஏறும். டிசம்பரில் அதிலும் குறைவு. இங்கே வருடம் முழுக்க 14, 15 பாகை. கிட்டத்தட்ட நேர்க்குத்தாக ஏறுகிறது. அதனால் மலைச்சரிவில் நீள நிழலும் மஞ்சள் வெளிச்சமும் சேர்ந்து நிற்பது இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். அதற்கு மேல் வெளுத்துவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இருபது நிமிடத்தைச் சுற்றியே போகிறது. வேகமாகத் தீட்டுவது எப்படி என்பது இங்கே பெரிய விஷயமில்லை. எதை முன்கூட்டியே முடித்து வைப்பது, எதை அந்த நேரத்துக்கு விடுவது, எதை ஞாபகத்திலிருந்து பிறகு போடுவது என்று பிரிக்கத் தெரிந்தால் கை தானாக வேகம் பிடிக்கும்.

எந்தச் சாயம்

கணநேர வெளிச்சத்தைப் பிடிக்கும் இம்ப்ரஷனிச முறைக்கு எண்ணெய்ச் சாயமே மலைக்கு ஒத்துவரும். நீர்வண்ணம் பனிக்குள் காயாது. முதல் பூச்சு காயக் காத்திருக்கும்போதே காட்சி போய்விடும். அக்ரிலிக் அதற்கு நேர்மாறான தொல்லை: மலையகத்தின் கிழக்குப் பக்கமான ஊவாவில் கச்சான் என்ற காய்ந்த காற்று வீசும் நாட்களில் தட்டிலேயே தோல் கட்டிவிடும். பாஸ்டல் நிறத்தில் மிக அழகு, ஆனால் ஒரு தூறல் விழுந்தால் தாள் முழுக்கப் புள்ளி. எண்ணெய்ச் சாயத்தில் பனித்துளி ஒட்டாமல் உருண்டு நிற்கும், பலகையைச் சாய்த்தால் ஓடிவிடும்.

எங்கே, எந்த மாதம்

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் இரவு தெளிவாக இருக்கும், விடியலில் பள்ளத்தில் பனி நிற்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதே பக்கத்தை ஊறவைக்கும். அப்போது ஊவாப் பக்கம் போங்கள்: ஜூலை, ஆகஸ்டில் பண்டாரவளை, பதுளை காய்ந்து தெளிந்து கிடக்கும். டிசம்பரில் வடகீழ் மழை ஊவாவுக்குத் திரும்பும். ஒக்டோபர், நவம்பரிலும் ஏப்ரலிலும் காலை நல்லது. மதியத்துக்குப் பிறகு இடியுடன் மழை வரும் என்று வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும்.

பனியிலும் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்தறியாமல் போவதால்தான் முதல் படம் பெரும்பாலும் பாழாகிறது.

ஒன்று, பள்ளத்துப் பனி. காற்றில்லாத, நட்சத்திரம் தெரியும் இரவில் நிலம் சூட்டை இழந்து குளிர்ந்து, பள்ளத்தில் தேங்குவது. விடியும்போது மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போல மட்டமாக இருக்கும். வெயில் பட்டதும் ஓரங்களிலிருந்து கிழிந்து மேலே எழும். ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் காணாமல் போய்விடும். இதன் போக்கை ஓரளவு ஊகிக்கலாம், படத்தைத் திட்டமிடலாம். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களைச் சுற்றிய மலைகள் இதற்குத் தோதான இடம்.

மற்றது, ஏறி வரும் மேகம். கீழே சமவெளியில் சூடேறிய ஈரக்காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாவது. ஹப்புத்தளைக் கணவாயில் முற்பகலிலேயே இது தலைகாட்டும். ஹோர்டன் சமவெளியின் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் ஒன்பது, பத்து மணிக்கு மேல் போனவர்களுக்கு வெறும் வெள்ளைச் சுவர் கிடைப்பதும் இதனால்தான். இரண்டு நிமிடத்தில் வரும், ஐந்து நிமிடத்தில் போகும், மறுபடி வரும். இதைத் தொடர்ந்து பார்த்துத் தீட்ட முடியாது. மேகமில்லாத மலையை முதலில் போட்டு வைத்துவிட்டு, மேகம் வந்ததும் அதன் மேல் ஈரத்தோடு ஈரமாக இழுப்பதே வழி.

சாமான்

பலகை: 3 மில்லிமீற்றர் எம்.டி.எஃப்., 20க்கு 25 சென்ரிமீற்றர். இதைவிடப் பெரிதாக வேண்டாம். இருபது நிமிடத்தில் நிரப்பக்கூடிய அளவு இதுதான். முன்பக்கம் ஜெசோ என்ற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 320 இலக்க அரத்தாளால் மெல்லத் தேய்க்க வேண்டும். பின்பக்கமும் நான்கு ஓரமும் ஒரு பூச்சு. ஓரத்தை விட்டால் மலை ஈரத்தைக் குடித்து பிஸ்கட் மாதிரி ஊதும். கடைசியாகக் காவி மஞ்சள் அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து ஒரு தடவு தடவி வையுங்கள். வெள்ளைப் பலகையில் பனியின் வெளிச்சத்தை மதிப்பிட முடியாது, எல்லா நிறமும் இருட்டாகத் தோன்றும். ஒரு காலைக்கு மூன்று பலகை.

நிறம் ஏழு: டைட்டேனியம் வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், காவி மஞ்சள், காட்மியம் சிவப்பு (லைட்), பெர்மனன்ட் அலிசரின், அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியென்னா. வெள்ளை மட்டும் மற்றவற்றைவிட மூன்று மடங்கு செலவாகும், பெரிய குழாயாக வாங்குங்கள். பச்சைக் குழாயே வேண்டாம். மலிவான பெட்டிகளில் 'விரிடியன்', 'எமரல்ட்' என்று எழுதி வருவதில் பெரும்பாலும் தாலோ பச்சைதான் இருக்கும். உளுந்தளவு சேர்த்தால் போதும், தட்டு முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும். தேயிலை மலை பிளாஸ்டிக் வாளி நிறத்துக்கு வந்துவிடும்.

தூரிகை: பன்றிமயிர்த் தட்டைத் தூரிகை 8, 6, 4 ஆகிய இலக்கங்களில், 8 மட்டும் இரண்டு. ஒன்று வெளிச்சத்துக்கு, மற்றது நிழலுக்கு. கலவைக் கத்தி ஒன்று. மெல்லிய தூரிகையை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். கையில் இருந்தால் இலையை எண்ணத் தொடங்கிவிடுவீர்கள்.

கரைப்பான்: மணமற்ற மினரல் ஸ்பிரிட் அல்லது டர்பன்டைன், மூடி இறுகும் சிறிய போத்தலில் 50 மில்லிலீற்றர். கிடைக்கவில்லையே என்று மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். அது மெல்லத்தான் ஆவியாகும், பிசுக்கை விட்டுப்போகும், அடியிலுள்ள பூச்சு காயாமல் கிடக்கும்.

பெட்டி: 6 மில்லிமீற்றர் பிளைவுட்டில் 30க்கு 22 சென்ரிமீற்றர் அளவில் மூடியோடு ஒரு பெட்டி எந்தத் தச்சரும் செய்து தருவார். மூடி நிமிர்ந்து நின்றால் பலகை தாங்கும் இடம், கீழ்த்தட்டு சாயம் கலக்கும் இடம். அடியில் கால் அங்குல மரை ஒன்று பதித்தால் கமெராவின் முக்காலியில் நேராகத் திருகிவிடலாம். முக்காலி நடுவில் ஒரு பை தொங்கவிட்டு அதற்குள் கல் போடுங்கள். கச்சான் ஒரு வீச்சில் பெட்டியோடு கானுக்குள் (வடிகாலுக்குள்) தள்ளும்.

குடை கறுப்பு அல்லது சாம்பல். நீலப் படங்கு கட்டி அதன் கீழே தீட்டினால் பலகையின் மேல் நீல வெளிச்சம் விழும். அதைச் சரிக்கட்டக் கண் தானாகவே செம்மஞ்சளைக் கூட்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் காமாலை பிடித்திருக்கும். உடையும் அப்படித்தான், வெள்ளைச் சட்டை பலகையில் பளிச்சிடும். காலுறைக்கு மேல் காய்ந்த சோப்பைத் தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறுவது குறையும்.

முதல் நாள் மாலை

இடத்தை முதல் நாளே பார்த்துவிட வேண்டும், விடியலில் இடம் தேடக்கூடாது. தோட்டத்துக்குள் என்றால் தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். கொழுந்து எடுக்கும் நம்பருக்கு (இலக்கமிட்ட தேயிலைப் பகுதிக்கு) பக்கத்தில் நிற்பதானால் அங்கே வேலை செய்கிறவர்களிடமும், "அக்கா, இந்த ஓரமா நின்னு படம் வரையலாமா, வேலைக்கு இடைஞ்சலா இருக்குமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுடைய நாட்கூலி நிறுவையில் நிற்கிறது. பாதையை மறித்து முக்காலி வைக்கிறவரை யாருக்கும் பிடிக்காது.

இரவு சாயத்தைக் கலந்து வையுங்கள். மலைக்கு எப்போதும் தேவைப்படும் மூன்று சாம்பல் உண்டு. நெல்லிக்காய் அளவு வெள்ளை, கடலை அளவு அல்ட்ராமரின், உளுந்தளவு பர்ன்ட் சியென்னா: இது நடுத்தர நீலச் சாம்பல். இதில் பாதியை எடுத்து இன்னொரு நெல்லிக்காய் வெள்ளையும் ஊசிமுனை அலிசரினும் சேர்த்தால் தூர மலைக்கான ஊதாச் சாம்பல். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து வெள்ளையும் காவி மஞ்சளும் சேர்த்தால் வெயில் பட்ட பனி. மூன்றையும் ஈயத்தாளில் மடித்து வைத்தால் காலைவரை கெடாது. காலையில் கலப்பதற்கென்று செலவாகும் பத்து நிமிடத்தை இது மிச்சமாக்கும்.

காலையில், வரிசையாக

மலையகத்தில் உதயம் மாதத்தைப் பொறுத்து 5.50க்கும் 6.25க்கும் இடையில். அரை மணி நேரம் முன்னதாக இடத்தில் இருங்கள். கிழக்கே மலை மறைத்தால் வெயில் பிந்தி வரும், அதை முதல் நாளே கணித்திருப்பீர்கள்.

1. பெட்டியைத் திருப்பி, பலகையும் தட்டும் இரண்டும் நிழலில் இருக்கும்படி வையுங்கள். பலகையில் வெயில் அடித்தால் போடுவதெல்லாம் பிரகாசமாகத் தெரியும், நீங்கள் இருட்டாகக் கலப்பீர்கள், வீட்டுச் சுவரில் படம் கறுத்துத் தொங்கும். பலகையை உங்கள் பக்கமாகச் சற்று முன்னோக்கிச் சாயுங்கள், பனித்துளி முகத்தில் படியாது. படிந்தால் காய்ந்த துணியால் ஒற்றிவிட்டுத்தான் சாயம் போட வேண்டும். நீர்த்திரைக்கு மேல் எண்ணெய் பிடிக்காது.

2. காகித அட்டையில் 8க்கு 10 சென்ரிமீற்றர் ஓட்டை வெட்டி அதன் வழியாகப் பாருங்கள். பலகையின் விகிதமும் அதுவே. பின்பு படம் எதைப் பற்றியது என்று பலகையின் பின்னால் ஒரே வரியில் எழுதுங்கள்: 'பனிக்கு மேலே மூன்று கிரவிலியா மரம், வலப்புற வெயில், 6.40'. வேடிக்கை போலத் தோன்றும். இருபத்தைந்தாவது நிமிடத்தில் இதைவிட அழகான இன்னொரு வெளிச்சம் வந்து உங்களை அழைக்கும்போது இந்த வரிதான் கையைப் பிடித்து நிறுத்தும்.

3. தீப்பெட்டி அளவில் பென்சிலால் மூன்றே தொனியில் ஒரு குறிப்பு: இருள், நடு, ஒளி. இரண்டு நிமிடம். இதில் காட்சி நிற்கவில்லை என்றால் சாயத்திலும் நிற்காது, சட்டகத்தை மாற்றுங்கள்.

4. நீர்த்த பர்ன்ட் சியென்னாவால் நான்கைந்து கோடு. மலைமுகடு, பனியின் மேல்விளிம்பு, முன்னணித் தேயிலையின் எல்லை, மரம் நிற்கும் இடம். அவ்வளவே.

5. வெயில் தொட்ட கணமே நிழல்களின் உருவத்தை முதலில் அடைத்துவிடுங்கள். சீக்கிரம் போகப்போவது நிழல், மலை எங்கும் போகாது. எட்டாம் இலக்கத் தூரிகையால், சாயத்தை மெல்லியதாக, விவரமில்லாமல். அடைத்தபின் நிழல் நகர்ந்தாலும் படத்திலுள்ள நிழலை நகர்த்தக்கூடாது.

6. இனித் தூரத்திலிருந்து கிட்டே வாருங்கள்: வானம், தூர மலை, பனி, நடுமலை, முன்னணி. இந்தச் சுற்று பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. பலகையில் காவி மஞ்சள் அங்கங்கே எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும்.

7. வெயில் பட்ட இடங்களைத் தடித்த சாயத்தில், ஒரு இடத்துக்கு ஒரே தொடுகை. வைத்த தொடுகையை மறுபடி தடவினால் கீழுள்ள நிழல் கலந்து சேறாகும். தூரிகையைத் துடைத்துக்கொண்டே போடுங்கள்.

8. வெளிச்சம் மாறிவிட்டது என்று தெரிந்ததும் பலகையைக் கழற்றி, அடுத்ததை மாட்டுங்கள். முதற்படத்தில் மீதமிருக்கும் மரத்தண்டு, பாதை, லயத்தின் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின்) தகரக் கூரை ஆகியவற்றைப் பிறகு ஞாபகத்திலிருந்து போடலாம். பிரெஞ்சு இம்ப்ரஷனிச ஓவியர் மோனே 1890, 91இல் வைக்கோற்போர்களை ஏறத்தாழ 25 படங்களாகத் தீட்டியபோது செய்தது இதுதான்: வெளிச்சம் மாற மாறக் கித்தானை மாற்றினார். அவர் பணிந்தது வெளிச்சத்துக்கு, வைக்கோலுக்கு அல்ல.

பச்சை என்ற பொறி

மலையகத்தில் படம் கெடுவது பெரும்பாலும் பச்சையால்தான். தேயிலை மலை பச்சை என்று மூளைக்குத் தெரியும், கண்ணுக்கு வேலையே இல்லாமல் போகிறது. ஒரு செடியை உற்றுப் பாருங்கள். மேலே துளிர்த்த கொழுந்து, வெயில் பின்னாலிருந்து ஊடுருவும்போது, கிட்டத்தட்ட மஞ்சள். அதன் கீழே முற்றிய இலை கரும்பச்சை. ஆனால் அந்த இலைக்கு மெழுகு மினுக்கம் உண்டு, அது வானத்தைக் காட்டும் கண்ணாடி. மூடிய வானத்தில் தேயிலை மலையின் மேற்பரப்பு சாம்பல் நீலமாகவே இருக்கும். தெளிந்த காலையில் வெயில் படாத சரிவு நீலம் கலந்து குளிர்ந்து கிடக்கும். செடிக்கும் செடிக்கும் இடையிலுள்ள இருட்டு பச்சையே அல்ல, மண் சேர்ந்த கருஞ்செம்மை.

கொழுந்துக்கு: எலுமிச்சை மஞ்சள் நான்கு பங்கு, அல்ட்ராமரின் அரைப் பங்கு, காட்மியம் சிவப்பு ஒரு துளி. சிவப்பு இல்லாவிட்டால் நிறம் கூவும். முற்றிய இலைக்கு: காவி மஞ்சள் இரண்டு, அல்ட்ராமரின் ஒன்றரை, பர்ன்ட் சியென்னா அரை. வானம் படும் மேற்பரப்புக்கு: இதே கலவையில் பாதியோடு நேற்றிரவின் நீலச் சாம்பல் பாதி. இடைவெளி இருட்டுக்கு: அல்ட்ராமரினும் பர்ன்ட் சியென்னாவும் சரிபாதி, ஊசிமுனை அலிசரின்.

இந்த நான்கையும் தட்டில் ஒன்றாகக் குழைக்காமல் பலகையில் பக்கத்துப் பக்கமாகத் தொடுத்தால் கண் சேர்த்துக்கொள்ளும். செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் சாயமிட்ட நூல்களை ஆராய்ந்து 1839இல் வெளியிட்ட விதி இதற்கு உதவும்: அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றின் எதிர்நிறத்தை மற்றதில் தூண்டும். பச்சைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பலை வைத்தால் அது தானாகச் செவ்வூதா சாயலில் தெரியும். ஆகவே பச்சையைக் குறைத்தும் மலையைப் பச்சையாகக் காட்டலாம். கவ்வாத்து வெட்டிய (கிளை கழித்த) மலை பக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம்தான். அந்த மொட்டைக் கிளைகளின் ஊதாப் பழுப்பு, அடுத்த நம்பரின் கொழுந்துப் பச்சையைத் தூக்கி நிறுத்தும்.

பனியை வெள்ளையாகப் போடாதீர்கள்

வெள்ளையை நேராகப் போட்டால் சுண்ணாம்பு பூசிய சுவர் கிடைக்கும். பனிக்கென்று தனி நிறம் இல்லை, வெயில் வரும் பக்கம் இளமஞ்சளும் ரோசாவும், எதிர்ப்பக்கம் நீலச் சாம்பல். இருளை 1 என்றும் வெள்ளையை 10 என்றும் எண்ணினால், முன்னணிச் செடியின் நிழல் 3, பனிக்குள் நிற்கும் நடுமலை 6, தூர மலை 8 என்ற அளவில் இருக்கும். பனிக்குப் பின்னால் 3 என்று எதுவும் இருக்க முடியாது. தூர மரத்துக்குக் கறுப்புப் போட்டுவிட்டு ஏன் பனி தெரியவில்லை என்று வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போவதுதான் வழக்கமான பிழை.

விளிம்பிலும் கவனம் வேண்டும். பள்ளத்துப் பனியின் மேல்விளிம்பு கூர்மை, மலையைத் தொடும் ஓரம் கரைந்திருக்கும். கரைப்பதற்குக் காய்ந்த, சுத்தமான தூரிகையால் ஒரே ஒரு இழுப்பு.

பனிக்குள் சூரியனைப் போட ஆசைப்பட்டால் மோனேயின் 'இம்ப்ரஷன், சூரியோதயம்' ஒரு பாடம். 1872இல் லெ ஆவ்ர் துறைமுகத்தைப் பார்த்துத் தீட்டியது, 1874இல் பாரிஸில் காட்சிக்கு வந்து இந்த இயக்கத்துக்கே பெயர் தந்தது. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போகும்; சுற்றியுள்ள வானமும் அதுவும் ஒரே அளவு ஒளி. செம்மஞ்சளுக்கும் நீலச் சாம்பலுக்கும் உள்ள சூடு, குளிர் வேறுபாடு ஒன்றால் மட்டும் அது எரிகிறது. நீங்களும் வானத்துக்குக் கலந்த சாம்பலின் ஒளியளவிலேயே செம்மஞ்சளைக் கலந்து ஒரு தொடுகை வையுங்கள். வெள்ளை கலந்து ஒளியேற்றினால் பொரித்த முட்டை.

ஆட்கள்

கொழுந்து எடுக்கும் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருவரைத் துரத்தாமல், அவர் நின்ற இடத்துக்கு அடுத்தவர் வரும்வரை காத்திருங்கள். குனிவும் கை வீச்சும் ஒன்றுதான். ஓர் ஆளுக்கு மூன்று தொடுகை: தலைத்துணி, முதுகு, கூடை அல்லது சாக்கு. செடி இடுப்புவரை மறைப்பதால் கால் வேண்டியதில்லை. பச்சைக்கு நடுவே சிவப்புத் தலைத்துணி தனியாக அலறும், ஒரு படத்துக்கு ஒன்று போதும். மற்றவற்றை மங்கிய நீலத்திலும் காவியிலும் வையுங்கள். முகம் தீட்ட வேண்டாம். இந்தத் தூரத்துக்கு அது தெரியாது, தெரிவது போல் போட்டால் தபாலட்டைப் படமாகிவிடும்.

குளிர்

நுவரெலியாவில் ஜனவரி விடியலில் வெள்ளைச் சாயம் மெழுகு மாதிரி இறுகும். குழாயை உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். அப்படியும் இறுகினால் ஆளி எண்ணெய் ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். அடிப்பூச்சில் எண்ணெய் கூடினால் மேற்பூச்சு முந்திக் காய்ந்து, பிறகு வெடிக்கும்.

வீட்டுக்கு வந்தபின்

ஈரப் பலகைகளை முகத்தோடு முகம் வைத்து, நான்கு மூலையிலும் ஒரு சென்ரிமீற்றர் தக்கைத் துண்டு கொடுத்து, இறுக்கிக் கட்டிக்கொண்டு வாருங்கள். மெல்லிய இடம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர இங்கே ஒரு வாரமாவது ஆகும், தடித்த இடம் பல வாரம். அடுப்புப் புகை வரும் அறையில் வைக்காதீர்கள். ஈரச் சுவரோடு ஒட்டியும் வேண்டாம், பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். இருட்டில் காயவிட்டால் ஆளி எண்ணெய் மஞ்சளிக்கும்; வெளிச்சமுள்ள அறைக்கு மாற்றினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள்.

எண்ணெய் துடைத்த துணிகளை மட்டும் அன்றே கவனியுங்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடு விடும். கசக்கிக் குவித்த துணி தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். லயத்து அறை மாதிரிப் பலகையும் விறகும் அருகருகே இருக்கும் இடத்தில் இது விளையாட்டல்ல. தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் அமிழ்த்தி, மூடி, வெளியே வையுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக விரித்துக் கொடியில் போட்டுக் காயவிடுங்கள்.

மறுநாள் படத்தை வாசலோரம், நேர்வெயில் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். பின்னால் எழுதிய வரியைப் படித்துவிட்டு முன்பக்கம் திருப்புங்கள். வரியில் இல்லாத ஏதாவது படத்தில் முதலில் கண்ணில் பட்டால், அதைக் கலவைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். சாயம் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும்.